ஒன்று ஐம்பத்திரண்டு வரை

சகுந்தலா நைட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

குழாயை முழுக்கத் திறந்துவிட்டிருந்தாள். சோப்பு போட்டாள், கசக்கினாள், மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள், மறுபடி சோப்பு போட்டாள். ஜன்னல் விளிம்பில் சாத்தியிருந்த செல்போனின் டார்ச் வெளிச்சத்தில் வாளித் தண்ணீர் பச்சையாகக் கலங்கியது. பச்சைப்பயறு ஊறவைத்து வடித்த தண்ணீரைப் போல. அதைச் சாய்த்துக் கொட்டி, காலால் ஓட்டைப் பக்கம் தள்ளினாள்.

"அம்மா, என்ன பண்றே உள்ள?"

கதவுக்கு வெளியே மகள் அனுபமா.

"துணி நனைக்கேன்ட்டி. நீ போய்ப் படு."

"கரண்ட் வரட்டுமே. இருட்டுல என்ன அவசரம்?"

"தண்ணி ஆறரைக்கு நின்னுரும்லா. போ, நிக்காத."

தெலுங்கும் இந்தியும் பேசும் திருமுல்கேரியில் அந்தக் காலனிக்கு முனிசிபல் தண்ணீர் ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான். அதனால் அந்தப் பதில் நம்பும்படி இருந்தது. அனுபமா நகரவில்லை.

"அது யூரின்தானா? ஷ்யூரா?"

"பின்ன என்ன? பிள்ளை தலை கீழ எறங்கி மூத்திரப்பையை அழுத்துது. உன்னைச் சுமக்கையில எனக்கும் இப்படித்தான்."

"பெட்ஷீட் பூரா நனைஞ்சிருச்சும்மா."

"அதுக்கு என்ன செய்ய? அலசிருதேன்."

வெளியே செருப்புச் சத்தம் தேய்ந்தது. சகுந்தலா பெட்ஷீட்டை எடுத்தாள். நடுவில் ஒரு சாண் அகலத்துக்குக் கறை. டெட்டாலைக் கவிழ்த்தாள்.

தெரியாதவள் இல்லை அவள். எதிர் வீட்டுப் பெண்ணுக்குப் போன வருடம் இதே நிறத்தில் தண்ணீர் உடைந்து, கால் மணி நேரத்தில் ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோனார்கள். பிள்ளை வயிற்றுக்குள்ளேயே மலம் கழித்துவிட்டால் இந்த நிறம் வரும், காத்திருக்கக் கூடாது என்று அப்போதே கேட்டிருக்கிறாள். ஆனால் அது கரும்பச்சை. இது லேசு. லேசான பச்சைதான் என்று தனக்குள் மூன்று தடவை சொல்லிக்கொண்டாள்.

கைகளைத் துடைத்தபடி ஹாலுக்கு வந்து, தென்காசியிலிருந்து தம்பி ஒவ்வொரு வருடமும் அனுப்பும் தினசரி காலண்டரில் டார்ச் அடித்துப் பார்த்தாள். நேற்று இரவே பார்த்ததுதான்.

ஆயில்யம், பகல் 1.52 வரை. பின்பு மகம்.

இப்போது மணி ஐந்து ஐம்பத்தைந்து. இன்னும் எட்டு மணி நேரம். முதல் பிரசவம் எப்படியும் ஒரு பகல் இழுக்கும். இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போனால் அறுத்து எடுத்துவிடுவார்கள். பிறப்பது பெண்ணாக இருந்தால்?

ஆயில்யத்தில் பிறந்த பெண் மாமியாருக்கு ஆகாது என்று ஜாதகத்தையே திருப்பி அனுப்பிவிடுவார்கள். அந்தப் பெண் காலம் முழுக்க அதைச் சுமக்கவேண்டும்.

ஒன்று ஐம்பத்திரண்டு வரை போதும். அதற்கு மேல் ஒரு நிமிடம்கூட வேண்டாம்.

*

அனுபமாவுக்கு இருபத்தெட்டு வயது. ஜீடிமெட்லாவில் ஒரு மருந்துக் கம்பெனியின் தரக்கட்டுப்பாட்டு லேபில் வேலை. அந்த லேபில் நேரத்தைத் தப்பாக எழுதுவதுதான் பெரிய குற்றம். பத்து மணிக்குச் செய்த சோதனையை ஒன்பதரை என்று பதிவேட்டில் எழுதிய ஒருவனை அன்று மாலையே வீட்டுக்கு அனுப்பினார்கள். எதைப் பார்த்தாலும் பார்த்தவுடன் எழுதவேண்டும், யார் பார்த்தது என்று பெயரும் போடவேண்டும். ஆறு வருடப் பழக்கம். தலைப்பிரசவத்துக்குத் தாய் வீட்டுக்கு வந்தபோது துணிகளோடு ஒரு சின்ன நீல நோட்டையும் எடுத்துவந்திருந்தாள். குழந்தை எத்தனை தடவை உதைத்தது என்பதுகூட அதில் இருந்தது.

எட்டரை மணிக்கு முதல் வலி.

இடுப்பின் பின்பக்கத்திலிருந்து கிளம்பி, ஈரத் துணியை இரண்டு பக்கமும் பிடித்து முறுக்குவதுபோல முன்னால் வந்து வயிற்றைக் கல்லாக்கிவிட்டு, மெதுவாக விட்டது. அனுபமா சாப்பாட்டு மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வலி போனதும் நோட்டில் எழுதினாள்.

"அம்மா, டாக்டருக்கு போன் பண்ணு."

"பண்ணிட்டேன். பால்கனியில நின்னு பேசினேன்லா. சாயந்தரம் வாங்க, அவசரமில்லைன்னுட்டாங்க."

சகுந்தலா யாருக்கும் பேசியிருக்கவில்லை. அணைந்த போனைக் காதில் வைத்து எதிர் வீட்டுத் துளசிச் செடியைப் பார்த்து நின்றிருந்தாள்.

அப்பா ராஜகோபால் ஏர் கூலரில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தார். மார்ச் மாத வெயில் ஒன்பது மணிக்கே சுவரில் ஏறிவிட்டது. பாதுகாப்புத் துறை ஸ்டோரில் முப்பத்து நான்கு வருடம் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர். ஒரு காகிதத்தையும் தூக்கிப் போடமாட்டார்.

"முகம் ஒரு மாதிரி இருக்கே பிள்ளைக்கு. கூட்டிட்டுப் போவமா?"

"உங்களுக்கு ஒண்ணும் தெரியாது, சும்மா இருங்க. பொய்வலி. சீரகக் கசாயம் வச்சுத் தாரேன். பொய்வலின்னா அடங்கிரும், நிசவலின்னா கூடும். அப்புறம் பாப்போம்."

சீரகத்தைச் சிவக்க வறுத்து, தண்ணீர் ஊற்றி, கருப்பட்டி தட்டிப் போட்டாள். வழக்கமாகக் கால் மணியில் இறக்குவாள். அன்று அடுப்பைச் சிம்மில் வைத்து, முக்கால் மணி நேரம் கொதிக்கவிட்டாள்.

அனுபமா ஒரு மடக்கு குடித்தாள். "இது பொய்வலி இல்லம்மா. ஏழு நிமிஷத்துக்கு ஒரு தரம் வருது. பாரு, எழுதியிருக்கேன்."

"எழுதி எழுதி வச்சா வலி போயிருமா? ரெண்டு இட்லியைத் தின்னு. தெம்பு வேணும்லா."

"வேண்டாம்."

"ஒண்ணாவது."

அரை இட்லி தின்றாள். பத்தே கால் மணிக்கு அதை வாஷ்பேசினில் வாந்தி எடுத்தாள். தலை நிமிர்ந்தபோது கண்கள் சிவந்திருந்தன.

"நான் போறேன். நீ வரலைன்னா அப்பாகூட போறேன். உமேஷ் புனேயில இருக்கார், இல்லைன்னா இன்னேரம் தூக்கிட்டுப் போயிருப்பார்."

"யாரு வரமாட்டேன்னா? தலையைச் சீவிக்க. விபூதி வைக்கேன். சேலையை மாத்திட்டு வந்திருதேன்."

சேலை மாற்ற இருபத்தைந்து நிமிடம் ஆனது.

*

ஆட்டோவில் ஏறும்போது பத்து ஐம்பது. மாரேடுபள்ளிப் பக்கத்து ஆஸ்பத்திரிக்கு ராணுவ எல்லைக்குள் போகும் சாலையில் போனால் கால் மணி நேரம்.

ஆட்டோக்காரர் திரும்பி அனுபமாவின் வயிற்றைப் பார்த்தார். "அந்தர் சே ஜாதூங் அம்மா. ஜல்தி ஹோதா." ராணுவ எல்லைக்குள் புகுந்து போனால் சீக்கிரம் என்றார்.

"நக்கோ பையா," என்றாள் சகுந்தலா. "கேட் பந்த் ஹை. கார்கானா சே சலோ." கேட்டை மூடிவிட்டார்கள், கார்கானா சுற்றிப் போ.

"பந்த்? மை அப்பிச் ஆயா உதர் சே." இப்போதுதான் அந்த வழியாக வந்தாராம்.

"பந்த் ஹை போலாத்தோ!"

அவர் தோளைக் குலுக்கிவிட்டு வண்டியைக் கார்கானா பக்கம் திருப்பினார். பின்னால் ஸ்கூட்டரில் வந்த ராஜகோபால் கையை ஆட்டி ஏதோ கத்தினார். கேட்கவில்லை.

கார்கானா சிக்னலில் நின்றார்கள். வெயில் ரெக்ஸின் கூரையைத் துளைத்தது. ஒவ்வொரு பள்ளத்திலும் அனுபமா பின்னாலிருந்த கம்பியைப் பிடித்து உடம்பைத் தூக்கிக்கொண்டாள். வலி வந்தபோது அம்மாவின் கையைத் தேடிப் பிடித்தாள். சகுந்தலாவின் வளையல்கள் அந்தப் பிடியில் நெளிந்தன.

"அம்மா, கேட்டை மூடவேயில்லையாமே. அவர் சொல்றார்ல?"

"காலையில பேப்பர்ல போட்டிருந்தான்."

"அம்மா."

"என்னட்டி?"

"குழந்தை காலைலேர்ந்து சரியா அசையல. எப்பவும் இட்லி சாப்பிட்டா குதிக்கும்."

சகுந்தலா மகளின் நெற்றி வியர்வையை முந்தானையால் துடைத்தாள். வாயைத் திறந்தாள். டிரைவரின் முதுகைத் தொட்டு, திரும்புங்கள், உள் வழியாகவே போங்கள் என்று சொல்ல ஒரு கணம் இருந்தது. சிக்னல் பச்சையானது. கணம் போய்விட்டது.

"பிரசவ நேரத்துல அசையாது. எடம் இருக்காதுல்லா."

*

லேபர் ரூமில் கிரிஜா என்ற நர்ஸ்தான் இருந்தாள். தெலுங்குக்காரி. எடை, ரத்த அழுத்தம், பழைய ஸ்கேன். கேள்விகள் வேகமாக வந்தன. அனுபமா கட்டிலின் தலைப்பக்கக் கம்பியில் நெற்றியை முட்டி நின்றிருந்த அந்த நிமிடத்தில்தான் முக்கியமான கேள்வி வந்தது.

"உம்மநீரு போயிந்தா அம்மா?"

பனிக்குடம் உடைந்ததா என்று கேட்கிறாள். அனுபமா தலையைத் தூக்குவதற்குள் சகுந்தலா முந்திக்கொண்டாள்.

"லேதம்மா. இங்கா லேது."

இல்லை, இன்னும் இல்லை. கிரிஜா எழுதிக்கொண்டாள்.

வயிற்றில் பெல்ட் கட்டினார்கள். இயந்திரத்திலிருந்து குழந்தையின் இதயத் துடிப்பு வந்தது. ஓடுகிற குதிரையின் குளம்புச் சத்தம். அனுபமா முதல்முறையாகச் சிரித்தாள். "கேக்குதா அம்மா?"

"கேக்கு."

அடுத்த வலி ஏறியது. குதிரை ஓட்டம் தளர்ந்தது. நடந்தது. வலி இறங்கிய பிறகும் உடனே ஓடத் தொடங்கவில்லை. நின்று, யோசித்து, பிறகு ஓடியது.

கிரிஜா காகிதச் சுருளை இழுத்துப் பார்த்தாள். எதுவும் சொல்லாமல் வேகமாக வெளியே போனாள்.

டாக்டர் நித்யஸ்ரீ ஒரு ஆபரேஷனை முடித்துவிட்டு நேராக வந்தார். சென்னையில் படித்தவர், தமிழ் நன்றாகப் பேசுவார். கையுறை மாட்டினார். உள்ளே பரிசோதித்துவிட்டுக் கையை வெளியே எடுத்தபோது விரல்களைத் தன் முகத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தார்.

கரும்பச்சை. கெட்டியாக.

"தண்ணி உடையலன்னு எழுதியிருக்கு?"

கிரிஜா சகுந்தலாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"இங்கே தண்ணியே இல்லையே. எல்லாம் எப்பவோ போயிருக்கு. கிரிஜா, தியேட்டர் ரெடி பண்ணு. அனுபமா, பயப்படாதேம்மா. குழந்தை உள்ளயே மோஷன் போயிருக்கு. உடனே எடுக்கணும். கையெழுத்து போடு. அம்மா, நீங்களும் கூட வந்தவங்க இடத்துல போடுங்க."

மணி பன்னிரண்டு இருபத்தெட்டு.

அனுபமா படிக்காமல் கையெழுத்துப் போட்டாள். பக்கத்தில் நேரத்தையும் எழுதினாள். பேனா சகுந்தலாவிடம் வந்தது.

"மாப்பிள்ளைகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு…"

"அவர் எங்கே?"

"புனேயில. போன் போட்டுக் கேட்டுட்டு வந்திருதேன்."

"கேக்கறதுக்கு நேரம் இல்லம்மா!"

"ரெண்டு நிமிஷம்."

காகிதத்தோடு வெளியே போய்விட்டாள்.

*

மாடிப்படித் திருப்பத்தில் ஒரு சுவர்க் கடிகாரம். அதற்குக் கீழே நின்றாள். போன் பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை.

பன்னிரண்டு முப்பத்து மூன்று. பன்னிரண்டு முப்பத்தெட்டு.

மேலே யாரோ ஓடினார்கள். தள்ளுவண்டிச் சக்கரம் கிறீச்சிட்டது. சகுந்தலா கண்ணை மூடிக் கந்தசஷ்டி முருகனைக் கூப்பிட்டாள். இன்னும் ஒரு மணி பதினாலு நிமிஷம், அப்பனே.

கீழே அட்மிஷன் வேலையை முடித்துவிட்டு ராஜகோபால் படியேறி வந்தார். மனைவியின் கையிலிருந்த காகிதத்தைப் பார்த்தார். அவள் பார்வை போன இடத்தையும் பார்த்தார். முப்பத்தோரு வருடம் கூட வாழ்ந்தவருக்கு விளக்கம் தேவைப்படவில்லை.

"சகுந்தலா. இன்னைக்கு என்ன நட்சத்திரம்?"

அவள் காகிதத்தை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

"கேக்கேன்லா. என்ன நட்சத்திரம்?"

"ஆயில்யம்."

"ராணுவ ரோட்டுல கேட் தொறந்து கெடந்துச்சு. சுத்திக் கூட்டிட்டு வந்த. இதுக்குத்தானா?"

"பொட்டப்பிள்ளையா இருந்தா என்ன செய்ய?" அடிக்குரலில் சீறினாள். "இவளுக்கு நான் செஞ்ச மாதிரி அதுக்கும் செய்யச் சொல்லுதியளா?"

ராஜகோபால் சுவரில் கையூன்றிக்கொண்டார்.

இருபத்தெட்டு வருடத்துக்கு முந்தைய விஷயம். அனுபமா பிறந்தது காலை ஒன்பது பத்து. அன்று ஆயில்யம் ஒன்பது முப்பத்தாறு வரை இருந்தது. ஆஸ்பத்திரிச் சீட்டில் ஒன்பது பத்து என்றுதான் எழுதித் தந்தார்கள். சகுந்தலா அந்தச் சீட்டைக் காட்டவில்லை. ஜோசியரிடம் வாயால் ஒன்பது ஐம்பது என்றாள். மகம் என்று ஜாதகம் எழுதி வந்தது. பொய் சொல்லாதே என்று ராஜகோபால் ஒரே ஒரு தடவை சொன்னார். பிறகு சீட்டை ஃபைலில் போட்டுப் பீரோவில் பூட்டினார்.

மகத்தில் பிறந்த பெண்ணை உமேஷ் வீட்டில் மகிழ்ச்சியோடு எடுத்தார்கள். கல்யாணமாகி எட்டாவது மாதம், உமேஷின் அம்மா ரமணிக்கு மார்பில் கட்டி. புற்றுநோய். ஆபரேஷன், கீமோ, முடி கொட்டியது. ரமணி பிழைத்து எழுந்துவிட்டார். எழாதவள் சகுந்தலாதான். அந்த நாற்பது நிமிடப் பொய்தான் சம்பந்தியம்மாளின் உடம்பை அறுத்தது என்று நம்பினாள். பேகம்பேட்டில் அவர்கள் வீட்டுக்குப் போனால் ரமணியின் முகத்தைப் பார்த்துப் பேச வராது. சமையலறைக்குள் போய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்துவிடுவாள்.

"இன்னொரு பிள்ளையும் ஆயில்யத்துல வந்தா, ஜாதகம் கணிக்கிறவன் தாயோட ஜாதகத்தையும் சேத்துப் பாப்பான். எல்லாம் வெளிய வந்துரும். அந்தம்மா மூஞ்சியில எப்படி முழிப்பேன்?"

"குடு அதை."

"இன்னும் ஒரு மணி நேரம்…"

"குடுட்டீ!"

வாழ்நாளில் அவர் அவளை அப்படிக் கூப்பிட்டதில்லை. காகிதத்தைப் பிடுங்கி, படிக்கட்டுக் கைப்பிடியில் வைத்துக் கையெழுத்துப் போட்டுக்கொண்டே ஓடினார். பன்னிரண்டு நாற்பத்தேழு.

*

முதுகில் ஊசி போட்டபோது கால்கள் இரண்டும் யாருடையவோ ஆகிவிட்டன. அனுபமா விழித்திருந்தாள். நெஞ்சுக்கு மேல் பச்சைத் துணியைத் திரையாகக் கட்டியிருந்தார்கள். அதற்கு மேலே, எதிர்ச்சுவரில், வட்டக் கடிகாரம்.

வலியில்லை. யாரோ அலமாரிக்குள் கைவிட்டுத் துழாவுவதுபோல உடம்பு மட்டும் இப்படியும் அப்படியும் ஆடியது. பிறகு ஒரு பெரிய பாரம் உருவப்பட்டது.

"ஒன் நாட் செவன்," என்றது ஒரு குரல்.

அவள் காது கொடுத்துக் காத்திருந்தாள். வினாடி முள் நகர்ந்தது. பத்து. இருபது. திரைக்கு அந்தப் பக்கம் உறிஞ்சும் குழாயின் சத்தம். நாற்பது.

"ஏன் அழல?"

தலைமாட்டில் இருந்தவர் அவள் தோளில் கை வைத்தார்.

"டாக்டர், ஏன் அழல? பையனா? பொண்ணா? ஏதாவது சொல்லுங்க."

"பெண் குழந்தைம்மா. பாத்துக்கிட்டிருக்காங்க."

முள் ஒரு முழுச் சுற்று சுற்றியது. இரண்டாவது சுற்று ஆரம்பித்தது. யாரோ ஒருவர் ஒரு பொட்டலத்தைத் தூக்கிக்கொண்டு கதவை முதுகால் தள்ளி வெளியே ஓடினார். போர்த்திய துணிக்கு வெளியே ஒரு பாதம் தெரிந்தது. நகங்கள்கூடப் பச்சையாக இருந்தன.

அவ்வளவுதான் அவள் பார்த்தது.

*

குழந்தையை வெண்டிலேட்டரில் வைத்திருந்தார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் ராஜகோபால் நின்றார். பேகம்பேட்டிலிருந்து ரமணி வந்துவிட்டார். கீமோவுக்குப் பிறகு சுருட்டை சுருட்டையாக முளைத்த குட்டை முடி, பருத்திச் சேலை, கையில் மிளகு ரசம் நிரப்பிய பிளாஸ்க். உமேஷ் நாலரை விமானத்தில் ஏறுகிறான் என்று சொல்லிவிட்டு அவரும் கண்ணாடியைப் பார்த்து நின்றார்.

சகுந்தலா அங்கே இல்லை. லேபர் ரூம் மேசையில் பதிவேடு எழுதிக்கொண்டிருந்த கிரிஜாவின் அருகில் இருந்தாள்.

"சிஸ்டர், பாப்பா டைம்… ஒண்ணு அம்பத்தஞ்சுன்னு போட்டிருங்கம்மா." தெலுங்கில்தான் கேட்டாள், கும்பிட்டபடி. "ஒரு சின்ன உபகாரம். உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

கிரிஜா பேனாவை நிறுத்தி நிமிர்ந்தாள்.

"மீ பாப்பா அக்கட ஊபிரி தீசுகோட்லேதம்மா." உங்கள் குழந்தை அங்கே மூச்சு விடவில்லை. "இப்புடு டைம் காவாலா மீக்கு?" இப்போது உங்களுக்கு நேரமா வேண்டும்?

சகுந்தலா கையை இறக்கினாள்.

மூன்று மணிக்கு டாக்டர் நித்யஸ்ரீ அவர்களைக் கூப்பிட்டார். தொப்பியைக்கூடக் கழற்றவில்லை.

"குழந்தை அந்த அழுக்குத் தண்ணியை உள்ள இழுத்திருக்கு. நுரையீரல் பூரா இருக்கு. எழுபத்திரண்டு மணி நேரம் போனாத்தான் சொல்ல முடியும். பிழைச்சாலும், மூளைக்கு எவ்வளவு நேரம் ஆக்ஸிஜன் குறைஞ்சிருக்குன்னு தெரியல. அதனால ஒரு கேள்வி. மருந்தை அதை வச்சுத்தான் முடிவு பண்ணணும். தண்ணி எப்ப உடைஞ்சது?"

ரமணி சகுந்தலாவைப் பார்த்தார். ராஜகோபாலும் பார்த்தார்.

"இங்க வந்த பிறகுதான்," என்றாள் சகுந்தலா. "ஆட்டோவில ஏறும்போதுகூட ஒண்ணுமில்ல."

"நிச்சயமா?"

"நிச்சயமா டாக்டர்."

அந்த நேரத்தில்தான் கிரிஜா வந்தாள். கையில் நீல நோட்டு. "பேஷண்ட் ஈ புக் மீகு இவ்வமன்னாரு டாக்டர்." அனுபமா இதை டாக்டரிடம் கொடுக்கச் சொன்னாளாம்.

நித்யஸ்ரீ அன்றைய தேதி போட்ட பக்கத்தைத் திருப்பினார். தமிழ் பேச வருமே தவிர வாசிக்க வராது. ரமணியிடம் நீட்டினார். ரமணி கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பள்ளிக்கூடப் பிள்ளையைப்போல நிறுத்தி நிறுத்தி வாசித்தார்.

"காலை 5.40. நைட்டி, பெட்ஷீட் நனைந்தது. அளவு, நிறைய. அம்மா சொல்வது, யூரின். கரண்ட் இல்லை. நிறம் நான் பார்க்கவில்லை. பார்த்தவர், அம்மா."

கூடத்தில் ஏதோ ஒரு குழந்தைக்குத் தடுப்பூசி போட்டிருக்கவேண்டும், வீறிட்டு அழுதது. நல்ல குரல்.

"ஏழரை மணி நேரம்," என்றார் நித்யஸ்ரீ. குரல் ஏறவில்லை. "என்ன கலர்ம்மா?"

சகுந்தலா தன் கைகளைப் பார்த்தாள். நகக்கண்களில் இன்னும் டெட்டால் வாசனை.

"சொல்லுங்க. என்ன கலர்?"

"பச்சை."

டாக்டர் நோட்டை மேசையில் வைத்துவிட்டு ஓட்டமும் நடையுமாகக் குழந்தைகள் பிரிவுக்குப் போனார். ராஜகோபால் மனைவியை அடிக்கவில்லை, திட்டவில்லை. ஸ்கூட்டர் சாவியை எடுத்துக்கொண்டு படி இறங்கினார். எங்கே போவதென்று தெரியாமல் வாசல் வேப்பமரத்தடியில் போய் உட்கார்ந்தது ஜன்னல் வழியே தெரிந்தது.

*

ஐந்து மணிக்கு அனுபமாவைப் பார்க்க விட்டார்கள். சகுந்தலா கட்டிலின் கால்மாட்டில் நின்றாள். ரமணி தலைமாட்டில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, அனுபமாவின் உலர்ந்த உதட்டில் ஈரப் பஞ்சை ஒற்றினார். தண்ணீர் குடிக்க இன்னும் அனுமதியில்லை. பக்கத்துக் கட்டிலில் ஒரு தெலுங்குக் குடும்பம் பால்கோவா பங்கிட்டுக்கொண்டிருந்தது. அனுபமாவின் நைட்டியில் இரண்டு வட்டமாகச் சீம்பால் நனைந்திருந்தது. குடிக்க வேண்டியவள் மாடியில் குழாய்களுக்கு நடுவே இருந்தாள்.

"வலிக்குதாட்டி?"

அனுபமா அம்மாவைப் பார்க்கவில்லை. கூரையைப் பார்த்தாள்.

"எத்தனை மணிக்குப் பிறந்தாம்மா?"

ஒரு நொடி. ஒரே ஒரு நொடிதான் சகுந்தலா தயங்கினாள். பழகிய வாய், தானாகச் சொல்லிவிட்டது.

"ஒண்ணு அம்பத்தஞ்சு."

"தியேட்டர்ல கடிகாரம் எனக்கு நேரா இருந்தது."

சகுந்தலா கட்டிலின் கம்பியைப் பிடித்தாள்.

"ஒண்ணு ஏழு," என்றாள் அனுபமா. "காலண்டரை நீ டார்ச் அடிச்சுப் பாத்தப்பவே எனக்குத் தோணியிருக்கணும். நான் ராகுகாலம் பாக்கிறேன்னு நினைச்சேன். யூரின்னு நீ சொன்னதை நம்பினேன். வேற யார் சொல்லியிருந்தாலும் நம்பியிருக்கமாட்டேன்."

"பிள்ளைக்கு நல்லதுக்குத்தான்ட்டி… ஒரு பொட்டப்பிள்ளை ஆயில்யத்துல…"

"எனக்கு ஒன்பது பத்து. ஜாதகத்துல ஒன்பது அம்பது."

பக்கத்துக் கட்டிலில் சிரிப்புச் சத்தம். யாரோ ஒரு துண்டு கோவாவை நீட்டினார்கள். ரமணி வேண்டாம் என்று கையசைத்தார்.

சகுந்தலாவின் உதடு அசைந்தது.

"எப்ப பாத்த?"

"ட்வெல்த்துல. பாஸ்போர்ட்டுக்காக அப்பா ஃபைலைக் குடைஞ்சப்போ. ஆஸ்பத்திரிச் சீட்டு அப்படியே இருந்தது. போன்ல பஞ்சாங்கத்தைப் போட்டுப் பாத்தேன். ஆயில்யம்."

"ஏன்ட்டி எங்கிட்ட கேக்கல?"

"நீ அழுவேன்னுதான்."

சகுந்தலா சட்டென்று ரமணியைப் பார்த்தாள். பிறகு மகளிடம் குனிந்து, கண்ணால் கெஞ்சினாள். இங்கே வேண்டாம், இவர் முன்னால் வேண்டாம் என்று. உயிர் ஊசலாடும் ஒரு குழந்தை மாடியில் இருக்க, இன்னமும் அவளுக்கு அதுதான் பயம். ரமணி அதைக் கவனித்தார். பஞ்சைக் கிண்ணத்தில் வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"என்னைப் பாத்துப் பயப்படாதீங்க சம்பந்தி. நிச்சயதார்த்தத்துக்கு ஒரு வாரம் முன்னாடியே அனு எங்க வீட்டுக்கு வந்தா. அந்தச் சீட்டை எடுத்துக்கிட்டு வந்தா. பொய்யில ஆரம்பிக்க வேண்டாம் அத்தைன்னு மேசையில வச்சா. நானும் உமேஷும் ரெண்டு பேரும் படிச்சோம்."

சகுந்தலா கேட்டுக்கொண்டிருந்தாள். முகத்தில் எதுவுமே இல்லை.

"எனக்கு நட்சத்திரம் பாக்கிற பழக்கமில்லை, வீட்டுக்கு வாம்மான்னேன். கட்டி வந்தப்பகூட அது ஞாபகத்துக்கு வரல. எங்கம்மாவுக்கும் அதே வியாதிதான். நீங்க வரும்போதெல்லாம் என் முகத்தைப் பாக்காம பாத்திரம் தேய்ப்பீங்களே, அப்பல்லாம் அனு சொல்லுவா, அத்தை, அம்மாகிட்ட சொல்லிடலாமான்னு."

ரமணி நிறுத்தினார். இதுவரை இறங்காத கண்ணீர் அவருக்கு இப்போதுதான் இறங்கியது.

"நான்தான் வேண்டாம்னேன். மூணு வருஷமா வேண்டாம் வேண்டாம்னேன். எங்களுக்குத் தெரியும்னு தெரிஞ்சா உங்களுக்குச் சங்கடமா இருக்கும்னுதான்."